டிடிஎஃப்ஐ என்கிற சங்கம் எதற்கு? பதிவுக் கட்டணம் கட்டும் முன் ஒரு கேள்வி

#1 பாப்பா_அம்மா

மதுரையிலிருந்து எழுதுகிறேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வருடமாக டேபிள் டென்னிஸ் ஆடுகிறாள், பள்ளி அளவில் ஜெயித்துக்கொண்டிருந்தாள், இந்த வருடம் வெளிமாநிலப் போட்டிக்கு அனுப்பலாம் என்று கோச் சொன்னார். சரி என்று இறங்கினால் மாவட்டச் சங்கத்தில் ஒரு பதிவு, மாநிலச் சங்கத்தில் ஒரு பதிவு, அதற்கும் மேலே டெல்லியில் இருக்கும் இந்திய டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தில், அதுதான் டிடிஎஃப்ஐ என்கிறார்களே அதில், ஒரு பதிவு. எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் ஃபோட்டோ, எல்லாவற்றுக்கும் பணம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் யாருக்கு, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுப்பது என் பழக்கம், காய்கறிக் கடையிலும் அப்படித்தான்.

போன மாதம் ஒரு போட்டிக்குப் போனோம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள், பாப்பாவின் முதல் மேட்ச் இரவு எட்டே காலுக்கு நடந்தது. எட்டு மேசைதான் போட்டிருந்தார்கள், பிள்ளைகள் எத்தனை நூறு பேர் என்று எண்ணவே முடியவில்லை. பெஞ்சிலேயே தூங்கிவிட்டவளை எழுப்பி முகம் கழுவி ஆட வைத்தேன், தோற்றாள். அன்றைக்கு வந்த கேள்விதான் இது: இந்தச் சங்கங்கள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 லாங்பிம்பிள்ஸ்

பணம் வாங்கும், பெயர் எழுதும், பெயரை அடிக்கும், கோர்ட்டுக்குப் போகும். அவ்வளவுதான் அக்கா. இழையை மூடிவிடலாம்.

#3 பழைய_அம்பயர்

தம்பி, கொஞ்சம் பொறு. மேடம், நான் நாற்பது வருடத்துக்கு மேல் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன். சங்கத்து ஆட்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு, அது பிறகு. முதலில் இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை நம் ஊரில் தொடங்கவில்லை.

1926ல் ஐடிடிஎஃப், அதாவது உலக சம்மேளனம் உருவானபோது அதன் நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஒலிம்பிக்கில் நாம் ஹாக்கித் தங்கம் வாங்கியதற்கே இரண்டு வருடம் முன்னால். அந்த டிசம்பரில் லண்டனில் ஒரு போட்டி நடத்தினார்கள், ஐரோப்பியப் போட்டி என்றுதான் பெயர் வைக்க இருந்தார்கள், லண்டனில் இருந்த சில இந்தியர்கள் நாங்களும் ஆடுவோம் என்று வந்து நின்றதால் அது உலகப் போட்டி ஆகிவிட்டது. வந்தவர்கள் சும்மா போகவில்லை, ஆண்கள் அணிப் போட்டியில் வெண்கலம். டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடிய ஃபைஸி சகோதரர்கள் அந்த அணியில் இருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உலக அமைப்பில் உறுப்பினர் ஆகிவிட்டோம், நாட்டுக்குள் ஒழுங்காக ஒரு தேசியப் போட்டி கிடையாது. அது கல்கத்தாவில் தொடங்க 1938 ஆகிவிட்டது. கூரை போட்டுவிட்டு சுவர் எழுப்பிய கதை. இன்றைக்கும் இந்தச் சங்கத்தின் சுபாவம் அப்படித்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்: மேலே பார்த்தால் உலகத் தொடர்பு எல்லாம் கச்சிதம், கீழே எட்டு மேசை.

ஐடிடிஎஃப்பை உருவாக்கி 1967 வரை அதன் தலைவராக இருந்தவர் ஐவர் மாண்டேகு. நம் பாடப் புத்தகத்தில் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் படித்திருப்பீர்கள், அந்த மாண்டேகு இவருக்குச் சித்தப்பா.

#4 சும்மா_பார்ப்பவன்

சித்தப்பா இரட்டை ஆட்சி கொடுத்தார், அண்ணன் மகன் இரட்டையர் ஆட்டம் கொடுத்தார். 🙏

#5 பழைய_அம்பயர்

சிரிப்பு வந்துவிட்டது தம்பி. தொடர்கிறேன்.

இந்தச் சங்கத்தின் பொற்காலம் எது என்று கேட்டால், ஆட்டக்காரர்கள் ஜெயித்த காலத்தைச் சொல்ல மாட்டேன், போட்டி நடத்திய காலத்தைச் சொல்வேன். 1952ல் உலகப் போட்டி பம்பாய்க்கு வந்தது. ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி அதுதான். சுதந்திரம் வாங்கி ஐந்து வருடம்கூட முடியவில்லை, அப்போது இதைச் செய்திருக்கிறார்கள். அங்கே ஜப்பானிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார், ஹிரோஜி சாட்டோ. அவர் பேட்டில் தடியாக ஒரு ஸ்பாஞ்சு. அதுவரை எல்லோரும் புள்ளி ரப்பரில் ஆடியவர்கள், பந்து பேட்டில் படும் டக் சத்தத்தை வைத்தே எதிராளி எப்படி அடித்தார் என்று கணிப்பார்கள். இவர் அடித்தால் சத்தமே இல்லை. பெரிய பெரிய ஆட்கள் திகைத்துத் தோற்றார்கள், அவர் உலக சாம்பியன் ஆகி ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு ஏழு வருடம் ஸ்பாஞ்சு வேண்டும், வேண்டாம் என்று சண்டை. 1959ல்தான் ஐடிடிஎஃப் ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி போட்டது. இன்றைக்கு உங்கள் மகள் கையில் இருக்கும் பேட்டின் ஜாதகம் எழுதப்பட்டது பம்பாயில், மேடம்.

அப்புறம் 1975ல் கல்கத்தா. அதற்காகவே கட்டியதுதான் நேதாஜி உள்ளரங்கம். 1987ல் டெல்லி. மூன்று உலகப் போட்டிகள். இப்போது நாம் இதையெல்லாம் நடத்தினோம் என்பதே யாருக்கும் நினைவில்லை.

#6 திருச்சி_கோச்

அம்பயர் சார் சரித்திரம் சொல்லிவிட்டார், நான் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நான் சின்னதாக ஒரு அகாடமி வைத்திருக்கிறேன், நான்கு மேசை, அதில் ஒன்று ஆட்டம் காட்டும், காலுக்கடியில் அட்டை வைத்திருக்கிறோம்.

பதிவு எதற்கு என்றால், முதல் காரணம் வயது. பதினொன்றுக்குள், பதின்மூன்றுக்குள், பதினைந்துக்குள் என்று பிரிவுகள் இருக்கின்றன இல்லையா, அதில் வயதைக் குறைத்துக் காட்டி ஆட வைக்கும் பழக்கம் நம் நாட்டில் எல்லா விளையாட்டிலும் உள்ள வியாதி. ஒவ்வொரு படியிலும் பிறப்புச் சான்றிதழ் கேட்பது எரிச்சல்தான், கேட்காமல் விட்டால் உங்கள் பாப்பா மீசை முளைத்த, மன்னிக்கவும், பாப்பாவுக்கு அது பொருந்தாது, நன்றாக வளர்ந்த ஒரு பெண்ணோடு மோத வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம், இதைப் பெற்றோர்கள் பலர் கவனிப்பதில்லை. ஒரு நாட்டுக்கு ஒரு சங்கத்தைத்தான் ஐடிடிஎஃப் ஏற்கும். வெளிநாட்டில் நடக்கும் டபிள்யூடிடி, அதாவது உலகத் தொடர்ப் போட்டி எதற்கும், சிறுவர் பிரிவாக இருந்தாலும், தனி ஆள் நேரடியாகப் பெயர் கொடுக்க முடியாது. டிக்கெட்டும் ஓட்டலும் உங்கள் செலவாகவே இருக்கலாம், பெயர் மட்டும் டிடிஎஃப்ஐ வழியாகத்தான் போக வேண்டும். உலகத் தரவரிசையில் புள்ளி வேண்டும் என்றால் அந்தப் போட்டிகளில் ஆட வேண்டும். ஆக, கதவு ஒன்று, சாவி ஒன்று. லாங்பிம்பிள்ஸ் சொன்ன "பெயர் எழுதும்" என்பதை நக்கலாகச் சொன்னார், ஆனால் அதுதான் சங்கத்தின் மொத்த பலமும். மற்றதெல்லாம், மேசை போடுவது, அம்பயருக்குத் தேர்வு வைப்பது, தரவரிசை போடுவது எல்லாம், யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு செய்யலாம். பெயர் எழுதும் பேனா ஒரு கையில்தான் இருக்கும்.

#7 பாப்பா_அம்மா

நன்றி கோச் சார், இது புதிய செய்தி. ஒரு சந்தேகம். சரத் கமல், சத்தியன் இவர்கள் எல்லாம் சென்னைக்காரர்கள். தேசியப் போட்டி முடிவு பார்த்தால் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்நாடு என்று இல்லையே, பிஎஸ்பிபி என்று இருக்கிறதே?

#8 திருச்சி_கோச்

நல்ல கேள்வி. பிஎஸ்பிபி என்றால் பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியம். டிடிஎஃப்ஐயில் மாநிலச் சங்கங்கள் மட்டும் இல்லை, ரயில்வே, ரிசர்வ் வங்கி, இப்படி வேலை கொடுக்கும் நிறுவனங்களும் தனி அணியாகத் தேசியப் போட்டிக்கு வரும். சரத் இந்தியன் ஆயிலில், சத்தியன் ஓஎன்ஜிசியில், அதனால் பிஎஸ்பிபி. ஹைதராபாத் பெண் ஸ்ரீஜா அகுலா ரிசர்வ் வங்கிக்காக ஆடி 2022ல் ஷில்லாங்கில் தேசிய சாம்பியன் ஆனார். மேசைப்பந்து ஆடிச் சாப்பிட முடியாது, வேலை வாங்கிக்கொடுத்தது இந்த ஏற்பாடுதான். நம் பிள்ளைகள் நன்றாக வளர்ந்ததும் மாநிலத்தின் சட்டையைக் கழற்றிவிட்டுப் போகிறார்களே என்று மாநிலச் சங்கங்களுக்கு வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. ஒரு பையனுக்கு இருபத்திரண்டு வயதில் மாதச் சம்பளம் வந்தால் அவன் அப்பா முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவன் நான்.

மேற்கு வங்கத்தில் இன்னொரு கூத்து. ஒரு காலத்தில் அங்கே வங்காளத்துக்கு ஓர் அணி, வடக்கு வங்காளத்துக்குத் தனியாக ஓர் அணி. சிலிகுரியில் அவ்வளவு ஆட்டக்காரர்கள்.

#9 லாங்பிம்பிள்ஸ்

சரி, பேனா என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்தப் பேனாவை 2021ல் என்ன செய்தார்கள் என்று யாரும் பேசவில்லையே?

மணிகா பத்ரா டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்றாவது சுற்று வரை போனார். அவருடைய சொந்தக் கோச்சை ஆட்டக்களத்துக்குள் விடவில்லை. தேசியக் கோச்சை நான் கார்னரில் உட்கார வைக்க மாட்டேன் என்று மணிகா மறுத்துவிட்டார். அரங்கில் அந்த நாற்காலி காலி, உலகமே பார்த்தது. ஊருக்கு வந்ததும் சங்கம் விளக்கம் கேட்டு நோட்டீஸ். உடனே புது விதி, தேசிய முகாமில் கலந்துகொள்ளாதவர்களுக்கு அணியில் இடம் இல்லை. தோஹாவில் நடந்த ஆசியப் போட்டிக்கு மணிகா பெயர் இல்லை. அப்போது இந்தியப் பெண்களில் தரவரிசையில் மேலே இருந்தவர் அவர்தான்! முகாமுக்கு வரவில்லை என்பதற்காக நாட்டின் நம்பர் ஒன்னை விட்டுவிட்டுப் போவது என்ன நிர்வாகம்?

#10 திருச்சி_கோச்

முகாம் தப்பில்லை தம்பி. இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்ந்து பழகாமல் வராது. சீனாக்காரன் வருடம் முழுக்க முகாமில்தான் இருக்கிறான். ஆளாளுக்கு ஒரு ஊரில் ஒரு கோச் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் சந்தித்துக்கொண்டால் அது அணியா? அந்த தோஹாப் போட்டியிலேயே நம் ஆண்கள் அணி 1976க்குப் பிறகு முதல் தடவையாக வெண்கலம் வாங்கியது, இரட்டையரிலும் இரண்டு வெண்கலம். சீனா வரவில்லை என்பது வேறு விஷயம், ஒப்புக்கொள்கிறேன்.

#11 கோர்ட்_பக்கம்

வக்கீல் தொழில், டிடி பார்ப்பதோடு சரி. வரிசையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இது முகாம் வழக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மணிகா டெல்லி உயர் நீதிமன்றம் போனபோது அவருடைய பெரிய குற்றச்சாட்டு முகாம் இல்லை. 2021 மார்ச்சில் தோஹாவில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி நடந்தபோது, தேசியக் கோச் தன்னுடைய மாணவி தகுதி பெறுவதற்காக ஒரு மேட்சை விட்டுக்கொடுக்கச் சொன்னார் என்பதுதான். அவர் தேசியக் கோச்சாகவும் இருக்கிறார், தனியாக அகாடமியும் நடத்துகிறார், இரண்டும் ஒரே ஆள் என்றால் மற்றவர்களுக்கு எப்படி நியாயம் கிடைக்கும் என்பது கேள்வி. செப்டம்பரில் நீதிமன்றம் கட்டாய முகாம் விதிக்குத் தடை போட்டது. நவம்பரில் விசாரணைக்கு மூன்று பேர் குழு, அதில் இரண்டு பேர் உச்ச நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதிகள். அறிக்கை வந்ததும் 2022 பிப்ரவரியில் நிர்வாகக் குழுவையே நிறுத்திவைத்து, ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி கீதா மித்தல் தலைமையில் நிர்வாகிகள் குழுவை உட்கார வைத்தார்கள். அந்த டிசம்பரில் தேர்தல். மேக்னா அலாவத் தலைவர் ஆனார், சங்கத்தின் முதல் பெண் தலைவர். எட்டு முறை தேசிய சாம்பியனான கமலேஷ் மேத்தா பொதுச் செயலாளர்.

ஒரு சின்ன ஒப்பீடு. அதே 2022ல் கால்பந்து சங்கத்தையும் நீதிமன்றம் அமைத்த குழு நடத்தியது, ஃபிஃபா உடனே வெளியார் தலையீடு என்று இந்தியாவைத் தடை செய்தது, சில நாளில் நீக்கியது. ஐடிடிஎஃப் அப்படிக் கதவைச் சாத்தவில்லை. சரத் அந்த ஆண்டில்தான் பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கினார்.

#12 லாங்பிம்பிள்ஸ்

முதல் பெண் தலைவர் என்று சொன்ன வக்கீல் ஐயா, அவர் முன்பு தலைவராக இருந்த துஷ்யந்த் சவுதாலாவின் மனைவி என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 😄 துஷ்யந்த் அப்போது ஹரியானா துணை முதல்வர்.

#13 கோர்ட்_பக்கம்

சொல்லியிருக்கலாம். தேர்தலில் வந்தவர்தான், ஆனால் இந்தியாவில் விளையாட்டுச் சங்கத் தேர்தல் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். பிள்ளைகள் ஆடுவார்கள், ஓட்டு மாநிலச் சங்கங்களுக்கு. அதனால்தான் 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. நிர்வாகக் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது, அதில் குறைந்தது நான்கு பெண்கள், சாதித்த ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும். தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு உயர் நீதிமன்றம் ஓடுவது குறைந்தால் நல்லதுதான். என் தொழிலுக்கு நஷ்டம்.

#14 பழைய_அம்பயர்

மேட்சை விட்டுக்கொடு என்று கோச் சொல்வதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1987 டெல்லி உலகப் போட்டியில் நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன், லீவு போட்டுவிட்டு ரயிலில் போயிருந்தேன். பெண்கள் அரையிறுதியில் இரண்டு சீனப் பெண்கள், ஹே ழிலியும் குவான் ஜியான்ஹுவாவும். இறுதியில் எதிரே வரக்கூடியவருக்கு எதிராக யார் வசதி என்று சீனப் பயிற்சியாளர்கள் முன்பே முடிவு செய்து, ஹே தோற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கேட்கவில்லை. ஜெயித்தார், இறுதியிலும் ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். அடுத்த வருடம் சியோல் ஒலிம்பிக்குக்கு அவரை அழைத்துப் போகவில்லை. பிறகு ஜப்பான் போய் கோயாமா சிரே என்ற பெயரில் ஆடினார், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் சீனர்களையே தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்.

அரங்கில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அப்போது இது ஒன்றும் தெரியாது. நல்ல மேட்ச் என்று கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் நாம் எதைப் பார்த்தோம் என்று புரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை, மணிகாவுக்கு இருந்தது. நம் நாட்டைப் பற்றி நான் நல்லதாகச் சொல்வது அபூர்வம், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

#15 டாப்ஸ்பின்_தாரா

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கோவையில் கல்லூரி அணியில் ஆடுகிறேன். எனக்கு மணிகா வழக்கைவிட அர்ச்சனா காமத் கதைதான் மனதில் நிற்கிறது, அதைச் சொல்ல ஆளில்லை.

2022 காமன்வெல்த் அணியில் அர்ச்சனா பெயர் முதலில் இருந்தது. தியா சித்தலே நீதிமன்றம் போனார், பட்டியல் மாறியது, தியா உள்ளே, அர்ச்சனா வெளியே. அர்ச்சனாவும் நீதிமன்றம் போய்ப் பார்த்தார், நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து பாரிஸ். இந்தியப் பெண்கள் ஒலிம்பிக் அணிப் போட்டிக்கு முதல் தடவையாகத் தகுதி பெற்றார்கள். மணிகா, ஸ்ரீஜா உறுதி, மூன்றாவது யார்? பிப்ரவரியில் புசான் உலக அணிப் போட்டியில் ஐஹிகா முகர்ஜி உலக நம்பர் ஒன் சுன் யிங்ஷாவையே தோற்கடித்திருந்தார், நான் அந்த மேட்சை மொபைலில் பார்த்துவிட்டு விடுதி வராண்டாவில் கத்தியதில் வார்டன் வந்துவிட்டார். ஆனால் தரவரிசைக் கணக்கில் அர்ச்சனாவுக்கு இடம், ஐஹிகா ரிசர்வ். எவ்வளவு திட்டு! நானும் திட்டினேன்.

பாரிஸில் ருமேனியாவை வென்று காலிறுதி. ஜெர்மனியிடம் 1-3 தோல்வி. அந்த ஒரே ஒரு வெற்றி யாருடையது? அர்ச்சனாவுடையது. அதற்குச் சில வாரம் கழித்து, போதும், நான் அமெரிக்கா போய்ப் படிக்கிறேன் என்று ஆட்டத்தையே விட்டுவிட்டார். அவருக்கு வயது 24.

இதில் சங்கம் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் முடிவு கட்ட வரவில்லை. 2022ல் பட்டியல் மாறியதற்கு ஒரு நியாயம் சொன்னார்கள், 2024ல் மாற்றாமல் வைத்ததற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். இரண்டும் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வருடத்தின் தொடக்கத்திலேயே "இப்படித்தான் எடுப்போம், இத்தனை புள்ளிக்கு இவ்வளவு எடை" என்று எழுதிப் போட்டு, நடுவில் கை வைக்காமல் இருந்தால், தோற்றவளும் வீட்டுக்குப் போய்த் தூங்குவாள். எங்கள் பல்கலைக்கழக அணித் தேர்விலும் இதே பாடுதான், அதை இங்கே எழுத வேண்டாம்.

#16 லாங்பிம்பிள்ஸ்

ஐஹிகாவுக்காக நானும் திட்டினேன் தாரா. அந்த ஜெர்மனி மேட்சுக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

#17 திருச்சி_கோச்

தாரா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரு திருத்தம் மட்டும். ஆட்டக்காரரே பொதுச் செயலாளர் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று 2022 டிசம்பரில் நாங்கள் எல்லோரும் நம்பினோம். கமலேஷ் சாதாரண ஆள் இல்லை, 1988ல் டேபிள் டென்னிஸ் முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தபோதே இந்தியாவுக்காக ஆடியவர். சில விஷயங்கள் மாறவும் செய்தன. ஆறு வருடம் கழித்து மாசிமோ கோஸ்டான்டினி திரும்பவும் தலைமைப் பயிற்சியாளராக வந்தார், 2024ல் அஸ்தானா ஆசியப் போட்டியில் பெண்கள் அணிக்கு முதல் வெண்கலம். ஆனாலும் மூன்றாவது பெயரை எழுதும்போது பேனா நடுங்கத்தான் செய்கிறது, யார் கையில் இருந்தாலும்.

#18 சும்மா_பார்ப்பவன்

கேள்வி: அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீக் நடத்துவது சங்கமா, தனியாரா? சென்னை லயன்ஸ் மேட்ச் பார்க்க நேரு உள்ளரங்கம் போயிருந்தேன், ஏசி நன்றாக இருந்தது. 8 மேசை, இரவு எட்டு மணி எல்லாம் அங்கே இல்லை.

#19 கோர்ட்_பக்கம்

நடத்துவது தனியார், டிடிஎஃப்ஐ ஆதரவோடு. 2017ல் தொடங்கியது. வீட்டா தானி, நீரஜ் பஜாஜ் இரண்டு பேரும் முன்னால் நிற்பவர்கள். பஜாஜ் என்றதும் ஸ்கூட்டர் குடும்பத்துப் பணக்காரர் என்று மட்டும் நினைக்காதீர்கள், எழுபதுகளில் மூன்று முறை தேசிய சாம்பியன்.

#20 பழைய_அம்பயர்

சென்னை என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இந்த இழையை விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வி. சந்திரசேகர். மூன்று முறை தேசிய சாம்பியன், அர்ஜுனா விருது. 1984ல் முழங்கால் அறுவைச் சிகிச்சை தவறாகிப் போய், நடையும் பார்வையும் பாதித்து, ஆட்டம் முடிந்துவிட்டது. வழக்குப் போட்டு ஜெயித்தார். பிறகு கோச்சாக எழுந்து வந்தார், சத்தியன் உட்பட எத்தனையோ பிள்ளைகள் அவர் கையில் வளர்ந்தவர்கள். 2021ல் கொரோனாவில் போய்விட்டார். சரத்துக்கு அப்பா ஸ்ரீனிவாச ராவும் பெரியவர் முரளிதர ராவும், சத்தியனுக்குப் பின்னால் எஸ். ராமன். சென்னை இவ்வளவு ஆட்டக்காரர்களைக் கொடுத்ததற்கு டெல்லியில் இருக்கும் எந்த அலுவலகமும் காரணம் இல்லை, இப்படி நாலைந்து பேர் விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்து வைத்ததுதான். சரத் 2025 மார்ச்சில் தன் கடைசிப் போட்டியை ஆடியதும் சென்னையில்தான், டபிள்யூடிடி போட்டி. பத்து தேசியப் பட்டம், ஐந்து ஒலிம்பிக். அந்த அரங்கில் நானும் இருந்தேன், என் கண்ணாடி மங்கலாகிவிட்டது.

#21 பாப்பா_அம்மா

எல்லோருக்கும் நன்றி. பதில் சொல்ல நேரமாகிவிட்டது, பாப்பாவுக்குப் பரீட்சை. முழுவதையும் அவளிடம் வாசித்துக் காட்டினேன். ஹே ழிலி கதை அவளுக்கு ரொம்பப் பிடித்தது, தோற்கச் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன், "எதுக்குமா தோக்கணும்" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

பதிவுக் கட்டணம் கட்டிவிட்டேன். அம்பயர் சார், போட்டிக்குப் போவதற்கு முன் நாங்கள் கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது உண்டா? போன தடவை அலைச்சலில் எல்லாவற்றையும் கோட்டைவிட்டோம்.

#22 பழைய_அம்பயர்

ஒன்று உண்டு மேடம், நிறையப் பிள்ளைகள் இதில்தான் மாட்டிக்கொண்டு அழுவார்கள். பேட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பு இருக்க வேண்டும், மறுபக்கம் அதிலிருந்து பளிச்சென்று வேறுபட்டுத் தெரியும் நிறம். சிவப்பே இருக்கலாம், சில வருடமாக நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் விடுகிறார்கள். முக்கியமானது, ரப்பரில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஐடிடிஎஃப் முத்திரை அச்சடித்திருக்கும், இரண்டு பக்கமும் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடையில் ரெடிமேடாக வாங்கிய பேட் என்றால் பல நேரம் இருக்காது. நான் மேசையில் இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

#23 பாப்பா_அம்மா

பார்த்துவிட்டேன் சார். சிவப்புப் பக்கத்தில் முத்திரை இருக்கிறது. கறுப்புப் பக்கத்தில் அவள் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து எழுத்தே தெரியவில்லை. நாளைக்குக் காலையில் கடைக்குப் போகிறோம்.